குழந்தையோட தீவுக்குப் போறவங்களே, அந்த வீட்டுத் தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு கேட்டீங்களா?

"குழந்தைதானே, அதுக்கு என்ன பெருசா ஆகிடப் போகுது?" இந்தப் பேச்சைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. ஒன்றரை வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு படகு வர்ற தீவுல இருக்கிற குடும்பத்தைப் பார்க்கப் போறீங்க. நீங்க எடுத்துட்டுப் போக மறந்தது எல்லாம் அந்த வீட்டு ஆளுங்க கையிலிருந்துதான் போகும். அவங்க வாயைத் திறந்து சொல்லவும் மாட்டாங்க.

தண்ணியையே எடுத்துக்கோங்க. 1,000 லிட்டர் மழைத்தண்ணித் தொட்டி, வீட்டுல 5 பேர். குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர்னு வெச்சா நாளைக்கு 25 லிட்டர். தொட்டி 40 நாள் தாங்கும். நீங்க போய் காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளின்னு குழந்தையைக் குளிப்பாட்டுறீங்க. வாளிக்கு 15 லிட்டர். முடிஞ்சது, அந்தக் குடும்பத்தோட ஒரு நாள் தண்ணி காலி. பால் பாட்டில் கழுவினது, கால் கழுவிவிட்டது, நீங்க குளிச்சது எதுவும் இதுல சேரல. ஈரத்துணியால துடைச்சுவிட்டா 2 லிட்டர்ல வேலை முடியும். நாலு நாள் அப்படி இருந்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகிடாது.

"அதான் கிணறு இருக்கே"ன்னு உடனே பதில் வரும். சின்னத் தீவுல நிலத்தடியில இருக்கிற நல்ல தண்ணி, கடல் தண்ணி மேல மெல்லிசா மிதக்கிற மழைத்தண்ணிதான். மேல மட்டம் இறங்க இறங்க, அடியில இருக்கிற உப்புத்தண்ணி மேல ஏறும். கணக்குப்படி மேல ஒரு அடி இறங்கினா, அடியில 40 அடி வரைக்கும் ஏறும். மோட்டாரைப் போட்டு இழுத்தா கிணறே கரிக்க ஆரம்பிச்சுடும். கரிக்கிற தண்ணியில பால் பவுடர் கலக்கவே கூடாது. கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும், உப்பு போகாது. தண்ணி ஆவியாகிறதால மிச்சத்துல இன்னும் கூடத்தான் கூடும். குழந்தைக்கான குடிதண்ணியை நீங்களே கேன்ல கொண்டு போங்க.

அடுத்தது டயப்பர். நாளைக்கு 6, தங்குறது 4 நாள், காத்தடிச்சு படகு நின்னா இன்னும் 3 நாள். மொத்தம் 42. 24 எடுத்துட்டுப் போறவங்கதான் அஞ்சாம் நாள் அந்த வீட்டுப் பழைய சேலையைக் கிழிக்கச் சொல்றாங்க. அழுக்கான டயப்பரை அங்கேயே விட்டுட்டு வர்றது அதைவிட மோசம். ஈரமா இருக்கிறதால எரியாது, புகையும். மேலாகப் புதைச்சா நாயும் நண்டும் தோண்டிப் போடும். குப்பை வண்டி வராத ஊருங்க அது. கெட்டியான பையில இறுக்கிக் கட்டி, வந்த படகுலயே திருப்பி எடுத்துட்டு வாங்க. துணி டயப்பர்தான் நல்லதுன்னு பாடம் எடுக்கிறவங்க, அதை அலச எத்தனை வாளின்னும் சொல்லணும். கடல் தண்ணியில அலசினா துணியில உப்பு தங்கி, குழந்தைக்குத் தொடை இடுக்கு சிவந்துடும்.

படகு விஷயத்துல சமாதானமே கிடையாது. பெரியவங்க லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினா, தண்ணியில விழுந்ததும் ஜாக்கெட் மேல ஏறும், குழந்தை கீழ நழுவும். எடைக்கு ஏத்த அளவு, தொடைக்கு நடுவுல வர்ற பட்டை, தலையைத் தாங்குற காலர், இந்த மூணும் இருக்கணும். மாட்டிவிட்டு, தோள் பகுதியைப் பிடிச்சு மேல இழுத்துப் பாருங்க; தாடை, காதைத் தாண்டி ஏறினா அது உதவாது. படகுல இருக்கும்னு நம்பாம கையில கொண்டு போங்க. குழந்தையை உங்க மார்போட சேர்த்துக் கட்டிக்கவும் கூடாது. கவிழ்ந்தா அதோட முகம் தண்ணிக்குள்ள மாட்டிக்கும்.

வீட்டுக்குள்ள போனதும் குழந்தையைப் பாட்டி கையில கொடுத்துட்டுப் போட்டோ எடுக்கக் கிளம்பிடுறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கவே முடியாதது. அது நடந்து பழகுற பிள்ளைக்காகக் கட்டின வீடு இல்ல. மூடாத தொட்டி, வாசல்ல தூண்டில் முள்ளு, பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி வெச்ச மண்ணெண்ணெய். குழந்தை அதைக் குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும். அரை வாளித் தண்ணியே முங்கப் போதும். அந்த வீட்டை மாத்தி வைங்கன்னு கேட்க உங்களுக்கு உரிமை இல்ல. கை எட்டுற தூரத்துல பின்னாடியே போறது உங்க வேலை.

மருந்து. காய்ச்சல் சிரப்பை "ஒரு மூடி"ன்னு ஊத்தாதீங்க. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில 120 மில்லிகிராம் இருக்கிற சிரப்னா 6 மில்லி சொச்சம். 250 இருக்கிறதுன்னா வெறும் 3 மில்லி. பாட்டிலைப் படிங்க. பேதியானா கரைச்சுக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுலயும் 200 மில்லிக்கானது, 1 லிட்டருக்கானதுன்னு ரெண்டு உண்டு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சா, உப்பு ஏறிப் பேதியை விட அதுவே ஆபத்தாகிடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி "ஏதாவது வேணுமா?"ன்னு மட்டும் கேட்டு வெச்சுடாதீங்க. "ஒண்ணும் வேணாம், நீங்க வந்தாப் போதும்"னுதான் சொல்லுவாங்க. தொட்டியில இப்ப எத்தனை நாளைக்குத் தண்ணி இருக்கு, கடைசியா மழை எப்ப பெஞ்சது, படகுல 20 லிட்டர் கேன் எத்தனை ஏத்த விடுவாங்கன்னு கேளுங்க. பதில் "பத்து நாளைக்கு வரும்"னா, பயணத்தை மழைக்கு அப்புறம் தள்ளிப் போடுங்க.