மோதாவிட்டாலும் விசாரணை உண்டு

"ஓடுபாதையில் இரண்டு விமானம் மயிரிழையில் தப்பினால் விசாரணையே கிடையாது. நம்ம குன்னூரில் ஹெலிகாப்டர் விழுந்தபோதே விபத்துப் பணியகம் எட்டிப் பார்க்கவில்லை" என்று மேலே நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர். ராணுவ விமானம் என்பதால் முப்படைக் குழு விசாரித்தது. திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசை தடுமாறியதே காரணம் என்றது. (நம்மூர் மூடுபனி தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.)

பயணிகள் விமானம் வேறு கணக்கு. மோதல் நூலிழையில் தவிர்க்கப்பட்டால், சர்வதேச விதிப்படி அது 'கடுமையான நிகழ்வு'. 2012இல் உருவான விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் அதை விசாரிக்க வேண்டும். சின்னவற்றை டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) பார்த்துக்கொள்ளும்.

சரி, குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்: பல விமானங்களில் காக்பிட் ஒலிப்பதிவு (விமானி அறைப் பேச்சின் பதிவு) 2 மணி நேரம்தான் நிற்கும், அப்புறம் அதன் மேலேயே புதிது பதிவாகிவிடும். 2023 ஜனவரியில் நியூயார்க் ஜேஎஃப்கே நிலையத்தில், ஒரு விமானம் அனுமதியில்லாமல் ஓடுபாதையைக் கடக்க, புறப்பட ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று பிரேக் போட்டு நின்றது. விசாரணை நடந்தது. ஆனால் இரண்டு விமானத்தின் ஒலிப்பதிவும் அதற்குள் அழிந்துபோயிருந்தது.