விண்கலத்தில் வாள் எதுக்குங்க?

ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டி ஆடும் நம் விண்வெளிக் கதை ஆட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை செஷனில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் ஸ்கிரீன்ஷாட் பார்த்திருப்பீர்கள். நான் எழுதிக்கொண்டு போன வாள் வழங்கும் சடங்கை "இதை ஸ்கிப் பண்ணிட்டு நேரா சண்டைக்குப் போயிரலாங்க" என்று ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் தள்ளிவிட்டதைக்கூட விட்டுவிடுகிறேன். அப்புறம் குழுவில் ஒரு தம்பி எழுதினாரே, "விண்கலத்துல கத்தி எதுக்குங்க, சவுடேஸ்வரி கோயில் திருவிழாவா?" என்று. அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி வேறு.

கேட்டதே கேட்டீர்கள், எனக்குத் தோதாகக் கேட்டீர்கள். கோவை ராஜவீதியில் விஜயதசமியன்று அந்தச் சவுடேஸ்வரி அம்மனுக்காக "வேசுக்கோ தாயே, தீசுக்கோ தாயே" என்று தங்கள் உடம்பிலேயே கத்தி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் யாரை வெட்டப் போகிறார்கள்? அம்மனை அழைத்து வருகிறார்கள். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சொல்ல விட்டால்தானே.

எதார்த்தமாக இல்லையாம். ஒளியைவிட வேகமாகக் கப்பல் போவது எதார்த்தம், இடுப்பில் ஒரு வாள் தொங்கினால் மட்டும் இடிக்கிறது. ஏவுகணைக் காலத்திலும் டேராடூன் ராணுவ அகாடமியில் சிறந்த கேடட்டுக்கு வாள்தான் கொடுக்கிறார்கள். யாரும் ட்ரோன் கொடுக்கவில்லை. அமெரிக்க மரைன் அதிகாரிகள் அணிவகுப்பில் பிடிக்கும் மம்லூக் வாளை 1825-ல் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் இருப்பது 1805-ல் லிபியாவில் அந்த மரைன்கள் போட்ட டெர்னா சண்டை. 1977-ல் வந்த டிராவலர் என்ற விண்வெளிக் கதை ஆட்டத்திலேயே மரைனாகச் சேர்ந்தவருக்கு கட்லஸ் என்ற குட்டை வாள் திறமை தானாக வந்துவிடும். கடற்படையிலிருந்து வெளியே வரும்போது டைஸ் ஒத்துழைத்தால் கையில் ஒரு வாள் கிடைக்கும். நான் ஒன்றும் புதிதாகக் கொண்டுவந்து திணிக்கவில்லை.

என் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் காங்கேயம் பக்கம் தோட்டம், மாடு என்று இருந்துவிட்டார். சுதந்திர தினத்துக்கு முந்தின ராத்திரி மட்டும் கட்டிலில் தினத்தந்தியை விரித்து, பிளேசரை வைத்து, பிராசோ பாலிஷ் டப்பாவைத் திறப்பார். நடுவில் கோடு வெட்டின பித்தளைத் தகடு ஒன்று வைத்திருந்தார். அதைப் பட்டனுக்கு அடியில் செருகிவிட்டுத் தேய்த்தால் துணியில் கறை படாது. துணிப்பந்து முதலில் கறுப்பாகும், அப்புறம்தான் பட்டன் மின்னும். "ஊர்ப் பள்ளிக்கூடத்துல கொடி ஏத்தறதுக்கு இவ்வளவு எதுக்குங்க பெரியப்பா?" என்று கேட்டேன். "பேசாம அந்தப் பக்கத்துப் பட்டனைத் தேயி கண்ணு" என்றார். தேய்த்தேன்.

அந்த நினைப்பில்தான் திருப்பூர் டெய்லரிடம் மீந்த துணியில் தோள்பட்டி வைத்து ஒரு சட்டை தைத்தேன். "பேண்டு செட்டு வந்துருச்சு" என்று சிரித்தீர்கள். சிரியுங்கள். வாள் மரத்தில் இழைத்து அலுமினியம் பெயிண்ட் அடித்தது. போலீஸ் பிடிக்கும் என்று பயந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ராணுவ மோகம் என்று ஒருவர் எழுதியிருந்தார். யோசிக்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் போன மாதம் ஒரு கிரகத்தையே குண்டு போட்டு அழித்துவிட்டு பிரியாணி சாப்பிட்டவர். வெள்ளைக்காரன் சடங்கு என்றார் இன்னொருவர். ஆட்டம் மட்டும் அரச்சலூரில் கண்டுபிடித்ததா?

நேரம் வீணாகிறது என்பதற்குத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. இதைச் சொன்னவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். இணைச்சீர்ச் சடங்கில் ஒரு படி தவறியதற்கு, அதை நடத்தும் அருமைக்காரரிடம் மல்லுக்கு நின்றார். மங்கல வாழ்த்தை முழுசாகப் பாடச் சொன்னதும் அவர்தான். அங்கே ஸ்கிப் பண்ணச் சொல்லிப் பாருங்களேன். உங்கள் சடங்குக்கு அர்த்தம் உண்டு, எங்களுடையது டைம்பாஸ். அப்படித்தானே?

அந்த வாள் யாருடையது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? முந்தின செஷனில் நாம் தப்பிக்க, கப்பலின் வெளிக்கதவு அறையான ஏர்லாக்கில் நின்று செத்த சார்ஜென்டுடையது. டைஸ் மோசமாக விழுந்ததும் கைதட்டி ஆர்ப்பாட்டம் பண்ணினோம். அந்தக் கேரக்டரை ஆடிய பொள்ளாச்சித் தங்கச்சி பேசாமல் கேரக்டர் ஷீட்டை மடித்துப் பையில் வைத்தது. ஒரு சல்யூட் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. சடங்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டதே அந்தப் பிள்ளைதான். உங்கள் எமோஜி என் மேல் விழுந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையும் அந்தக் குழுவில்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் படித்திருக்கிறது.

அடுத்த செஷன் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். ஆறு மணிக்குச் சடங்கு. வாளை எடுத்துக் கொடுக்கப்போவது அந்தத் தங்கச்சி. சண்டைக்கு மட்டும் வருகிறவர்கள் ஏழு மணிக்கு மேல் வாருங்கள். டீ தீர்ந்திருக்கும்.