பூஜாங் பள்ளத்தாக்கு பற்றி வரும் வாட்சாப் செய்தி தவறு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் தோட்டப்புற வாட்சாப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: அம்மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள பழங்காலக் கோயில்கள் எல்லாம் 1025-இல் ராஜேந்திர சோழன் கட்டியவை, இனி ஆராய ஒன்றுமில்லை, தொல்லியல் படிப்பு வீண், தோட்டத்தில் பழைய செங்கல் கிடைத்தால் கழுவி வீட்டில் வையுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கடாரத்தின் (இன்றைய கெடா) மீதான சோழர் படையெடுப்பைச் சொல்கிறது; அங்கே கோயில் கட்டியதாகச் சொல்லவில்லை. பக்கத்துப் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் 1834-இல் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த, புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டோ 5-ஆம் நூற்றாண்டு எழுத்தில் உள்ளது. சோழர் கப்பல் வருவதற்கு ஐந்நூறு ஆண்டு முன்பு! பழைய எழுத்தைப் படிக்கக் கற்றவர்கள் இருந்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது.

செங்கல்லைத் தயவுசெய்து பெயர்க்காதீர்கள். எந்த மண் அடுக்கில், எந்தக் கரித்துண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் காலத்தைச் சொல்லும். எடுத்துவிட்டால் அந்தச் சான்று திரும்ப வராது. கழுவினால் ஒட்டிய மண்ணும் போய்விடும். அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், இடத்தைக் குறியுங்கள், மாவட்ட அதிகாரியிடம் உடனே சொல்லுங்கள். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அது கடமை.

சந்தேகமிருந்தால் மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளமும் அங்கேயே இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.