போர்ச்சுகலில் இருக்கும் போர்ட்டோவில் எங்கே தங்கலாம் என்று கேட்டவருக்கு ஏற்றத்தைப் பற்றிச் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

நேற்று அந்தப் பயணக் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள், முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போர்ட்டோ போகிறேன், எங்கே ரூம் போடலாம் என்று ஒரு தங்கை கேட்டார். நான் சொன்னது ஒன்றே ஒன்று: ஆற்றங்கரையில் வேண்டாம், மேலே தங்குங்கள். அதற்கு ஒருவர் எழுதிய பதில்தான் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. "படி ஏற முடியாதவர்கள் எதற்கு ஐரோப்பாவுக்குக் கிளம்ப வேண்டும்?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். காலையில் பார்த்தால் அந்தத் தங்கை கேள்வியையே நீக்கிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

போர்ட்டோவில் தூரத்தைப் பார்த்து ரூம் போடாதீர்கள், ஏற்றத்தைப் பார்த்துப் போடுங்கள். மேப்பில் ரிபெய்ரா ஆற்றங்கரையும் மேலே இருக்கும் பதால்யா சதுக்கமும் பக்கத்துத் தெரு மாதிரிதான் தெரியும். அந்தச் சரிவில் ஓடும் குயிந்தைஷ் இழுவை ரயில் 281 மீட்டர் தூரத்துக்குள் 61 மீட்டர் ஏறுகிறது. ஏறக்குறைய இருபது மாடி. 1891இலேயே அங்கே இழுவை ரயில் விட்டார்கள், விபத்து நடந்து நின்றுபோனது, 2004இல் மறுபடி விட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்த ஏற்றம் சுலபமில்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்? அறுபது எழுபது வயதில் ஊர் பார்க்கப் போகிறவர்கள் யோசிக்க மாட்டார்களா?

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. இதே தப்பை நானே செய்திருக்கிறேன். அம்மாவோடு போனபோது ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் ரூம் போட்டேன். ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே டோரோ ஆறு, ஆற்றின் மேல் அந்த இரும்புப் பாலம். சாவ் பெந்து ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். லிஃப்ட் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய வீடுகள் ஒல்லியாக, உயரமாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். உள்ளே நுழைந்தால் எடுத்த எடுப்பிலேயே செங்குத்தான மரப்படி.

அம்மாவுக்கு அப்போது 67 வயது. ஒவ்வொரு திருப்பத்திலும் படியிலேயே உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முட்டியில் போட்டிருந்த பட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்திருப்பார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார். மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் "எழுபத்தொண்ணு" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறியிருக்கிறார்.

சாவ் பெந்து ஸ்டேஷன் கூடத்தில் சுவர் முழுக்க நீல ஓடுகள், சுமார் 20,000 ஓடுகளில் வரைந்த போர்க்காட்சிகளும் ஊர்வலங்களும். ஊரிலிருந்தே அம்மா அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். வந்த அன்று பெட்டிகளோடு பார்க்க வேண்டாம், நாளைக்குச் சாவகாசமாகப் பார்க்கலாம் என்று கீழே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் மழை. பாவு கற்கள் எல்லாம் ஈரத்தில் வழுக்கின. அம்மா படியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ போயிட்டு வாம்மா, நான் ஜன்னல்லயே எல்லாம் பாத்துக்கிறேன்." இரண்டு நாள் என் அம்மா போர்ட்டோவை ஒரு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். அதைத்தான் நான் ரசனை இல்லாமல் பேசுகிறேன் என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

ரிபெய்ராவில் தங்காவிட்டால் போர்ட்டோவைப் பார்த்ததாகவே ஆகாது என்கிறார்கள். 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் அது, அதன் அழகை நான் எங்கே மறுத்தேன்? இறங்கிப் போய்ப் பாருங்கள், சாயங்காலம் வரை ஆற்றங்கரையில் உட்காருங்கள், யார் வேண்டாம் என்றது? அங்கேதான் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கீழே உணவகங்களின் சத்தம் நள்ளிரவு வரை ஜன்னலுக்குள் வரும். குளிர்காலத்தில் ஆறு பெருகினால் கரைக்கு மேலேயே ஏறும், பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று சுவரில் குறித்தே வைத்திருக்கிறார்கள்.

ஊபர் இருக்கிறதே என்று இன்னொருவர். அந்தச் சந்துகளில் எத்தனை வாசலுக்குக் கார் போகும் என்று அவர் பார்த்திருக்கிறாரா? எங்களைச் சதுக்கத்தில் இறக்கிவிட்டார்கள், மீதித் தூரம் கல்லில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். சரி, கார் வாசல் வரைக்கும் வந்தது என்றே வைத்துக்கொள்வோம், அந்த 71 படியில் கார் ஏறுமா?

எதிர்க்கரையில், கையாவில் தங்கலாம் என்றவர் சொன்னது நியாயம். ஆனால் அங்கேயும் கரையோரம் வேண்டாம், மேலே மெட்ரோ பக்கம் பாருங்கள். வாலிபப் பிள்ளைகள் முதுகுப்பையோடு போனால் எங்கே வேண்டுமானாலும் தங்கட்டும், அது என் கவலை இல்லை.

என் கவலை வேறு. நம் அப்பா அம்மாக்கள் எத்தனை வருடம் நமக்காக எங்கேயும் போகாமல் இருந்தார்கள்? பிள்ளைகள் சம்பாதித்து, லீவு கிடைத்து, விசா கிடைத்து, அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் வயது வரும்போது முழங்கால் தேய்ந்து போயிருக்கிறது. அதைப் பார்த்து "எதற்குக் கிளம்ப வேண்டும்" என்று கேட்கிற வாய் எப்படிப்பட்ட வாய்? சிரிப்புக் குறி போட்டவர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். என் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். அதுதான் வலிக்கிறது.

மூன்றாம் நாள், மீதி நாட்களுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும் என்று மேலே த்ரிந்தாடே பக்கம் ஒரு லிஃப்ட் உள்ள சின்ன ஹோட்டலுக்கு மாறினோம். விமான நிலையத்திலிருந்து வண்டி மாறாமல் மெட்ரோ அங்கேதான் வந்து நிற்கும், முதல் நாளே அங்கே இறங்கியிருக்கலாம். அன்று நீல ஓடுகளை அம்மா ஆசைதீரப் பார்த்தார். அப்புறம் மஞ்சள் வழித்தட ரயிலில் ஏறினோம். சுரங்கத்துக்குள்ளிருந்து வண்டி திடீரென்று பாலத்தின் மேல்தட்டுக்கு வந்ததும், இரண்டு பக்கமும் அடியில் ஆறு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். த்ரிந்தாடேயிலிருந்து மூன்றாவது நிறுத்தத்தில், ஜார்திம் து மோர்ரு பூங்காவில் இறங்கி, அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நாங்கள் தங்கியிருந்த அந்த ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தார்.

தங்கை, இதைப் பார்த்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள். த்ரிந்தாடே, பொல்யாவ் பக்கம் பாருங்கள், அங்கேயும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, சமாளித்துவிடலாம். எந்த இடமானாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்: கார் நிற்கிற இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி, வாசலிலிருந்து கட்டிலுக்கு எத்தனை படி.