கிரீஸ் தடவிய புண்ணியவானுக்கு

மறுபடியும் ஒரு பைக்குல சைலன்சர் ஸ்டட், அதாவது சைலன்சர் பைப்பை இன்ஜின் ஹெட்டோட பிடிச்சு வைக்கிற தலையில்லாத மரையாணி, இறுகிக் கிடக்கு. மறுபடியும் அதே பதில்: "கிரீஸ் போட்டுத்தாண்ணே மாட்டுனது."

எந்தக் கிரீஸ்? வீல் பேரிங்குக்குப் போடுற லித்தியம் கிரீஸ்! அது 190 டிகிரி வாக்கிலேயே உருகி ஒழுகிடும். இன்ஜின்லேர்ந்து புகை வெளியேறுற பெண்ட் பைப் வாய்கிட்ட சூடு 300-ஐச் சாதாரணமாத் தாண்டும். எண்ணெய் எரிஞ்சு கரிதான் மிஞ்சும். மரைக்குள்ள கரியும் துருவும் சேர்ந்தா சிமெண்ட் பூசின மாதிரிதான்.

சரி, ரிங் ஸ்பேனர் நட்டுல விழுந்தாச்சு. ஓர் அழுத்து. லேசா அசையுது. ஆகா, வருதேன்னு ஒரு நப்பாசை. எங்க வருது? நட்டு அப்படியே இருக்கு, ஸ்டட்தான் முறுக்கிக்குது. கைக்கு அல்வா மாதிரி ஒரு இளக்கம் தெரியும் பாருங்க, அங்கேயே நிறுத்தணும். நிறுத்துவோமா? இன்னும் கால் சுத்து. "டிக்." அவ்வளவுதான் சத்தம். பாதி ஸ்டட் ஸ்பேனரோட வெளியே, மீதி அலுமினிய ஹெட்டுக்குள்ள சமாதி.

அடுத்து ஈஸி அவுட், உடைஞ்ச ஸ்டட்டுக்குள்ள சொருகித் திருகி எடுக்குற குச்சி. இதுக்கு ஈஸின்னு பேர் வச்ச மகராசன் நல்லா இருக்கட்டும். 8 மி.மீ. ஸ்டட்டே தாங்காத முறுக்கை, அதுக்குள்ள 4 மி.மீ. ஓட்டை போட்டுச் சொருகுற குச்சி தாங்குமாம்! அதுவும் உள்ளேயே முறிஞ்சது. அது கெட்டி ஸ்டீல், சாதா டிரில் பிட் வச்சா வழுக்கிக்கிட்டு அலுமினியத்தைத்தான் திங்கும். இனி ஹெட்டைக் கழட்டி லேத் பட்டறைக்குத் தூக்கணும். மரை போயிருந்தா 8.3 மி.மீ.க்குக் குடைஞ்சு ஹெலிகாயில், அதாவது புது மரையா நிக்கிற கம்பிச் சுருள், போடணும்.

இத்தனைக்கும் கழட்டும்போது நட்டை மட்டும் மங்கலான சிவப்பு வர்ற வரைக்கும் காய்ச்சி, கால் சுத்து முன்னே, கால் சுத்து பின்னேன்னு ஆட்டியிருந்தா வந்திருக்கும். மாட்டும்போதே மரையை வயர் பிரஷ்ல தேய்ச்சு, காப்பர் ஆன்ட்டி சீஸை (மரை இறுகாம இருக்கப் பூசுற தாமிரப் பேஸ்ட்) மெலிசா பூசி, பித்தளை நட்டு போட்டிருந்தா அந்தக் காய்ச்சலே வேண்டாம். அதுலயும் எண்ணெய் எரியும்தான். ஆனா தாமிரத் தூளும் கிராஃபைட்டும் நடுவுல நின்னு ரெண்டு உலோகத்தையும் ஒட்டவிடாது. 980 டிகிரி வரைக்கும் தாங்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டா? அதுக்கு நிக்கல் கலந்த ஆன்ட்டி சீஸ் வாங்குங்க.

உடனே டப்பாவைக் கவுத்து ஊத்துற வள்ளல்களும் உண்டு. ஐயா, மரை வழுக்கும், அதனால டார்க்கை, அதாவது நட்டை இறுக்குற முறுக்கு விசையை, 20 சதவீதமாவது குறைக்கணும். குறைக்கலேன்னா ஸ்டட்டு இழுபட்டு அறுந்துடும். புகைக் குழாயில இருக்குற ஆக்சிஜன் சென்சார் முனையில இந்தப் பேஸ்ட் படவே கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் ரெகுலேட்டர் பக்கம் கொண்டே போகாதீங்க, தீப்பிடிக்கும்.

சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது. அது கிடக்கட்டும், முன் பிரேக் ஆயில் கப் மூடிக்கு வெண்ணெயில செஞ்ச ஸ்டார் ஸ்க்ரூவைப் போட்டது யாருய்யா?