அந்த அக்காவை ஏன் நிற்க வைத்தீர்கள்?

ஞாயிறு ஆராதனையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை. ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்தவர்களை மேடைக்கு அழைத்துக் கைதட்டினீர்கள். சரி, சந்தோஷம். முடிக்காதவர்களை எழுந்து நிற்கச் சொன்னது எதற்கு? படுத்த படுக்கையான தாயை இரவும் பகலும் பார்த்துக்கொள்கிற அந்த அக்கா தலைகுனிந்து நின்றார்களே, யாருக்கும் உறுத்தவில்லையா?

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." எபேசியர் 2:8. கிருபை என்றால் நம் தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் தயவு. சின்னப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஒருவரும் பெருமைபாராட்டக் கூடாது என்பதற்காகத்தான் அது கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டாகவில்லை என்கிறது அடுத்த வசனம். பெருமைபாராட்ட நாமே மேடை போட்டுக் கொடுக்கிறோம்.

நானும் அப்படி இருந்தவன்தான். மொத்தம் 1,189 அதிகாரங்கள். வாசிக்க வாசிக்க நோட்டில் டிக் போடுவேன். ஒரு நாள் விட்டுப்போனால் ஜெபிக்கவே கூச்சமாக இருக்கும், கடன் கொடுத்தவரின் கண்ணில் படாமல் ஒதுங்குவது போல. அப்புறம் நோயில் விழுந்தேன். நான்கு மாதம் ஒரு அதிகாரம்கூட வாசிக்க முடியவில்லை. ஜெபம் என்றால் "ஆண்டவரே" என்ற ஒரே வார்த்தை. அந்த நாட்களிலும் அவர் என்னை விடவில்லை. அதை நான் டிக் போட்டுச் சம்பாதிக்கவில்லை. கிருபை என்ற சொல் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உடனே யாக்கோபின் நிருபத்தை எடுத்துக்கொண்டு வருவீர்கள், தெரியும். கிரியைகளில்லாத விசுவாசம் செத்ததுதான். யார் இல்லை என்றது? நற்கிரியைகளைச் செய்யவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று எபேசியர் 2:10 சொல்கிறது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: இரட்சிப்பு முதலில், கிரியை அதற்குப் பிறகு. சரி, கிரியையைத்தான் கேட்கிறீர்கள் என்றால், தாயின் முதுகில் புண் வராமல் இரவெல்லாம் விழித்திருந்து புரட்டிப் படுக்க வைப்பது என்ன? அதற்கு உங்கள் பட்டியலில் இடமில்லையா?

கிருபை, கிருபை என்றால் சோம்பேறியாகிவிடுவார்களாம். ரோமர் 6-ஐப் படியுங்கள், கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா, கூடாதே என்று பவுல் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்.

லூக்கா 18-இல் இயேசு சொல்லும் உவமையில் வரும் பரிசேயன், மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவன், பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு முறை உபவாசம், தசமபாகம், எல்லாம் உண்மையாகவே செய்தவன். ஆனாலும் நீதிமானாக வீட்டுக்குத் திரும்பியவன், கண்ணை ஏறெடுக்கவும் துணியாமல் தூரத்தில் நின்ற ஆயக்காரன், எல்லாரும் பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவன். அன்றைக்கு நம் சபையில் அவன் இருந்திருந்தால் அவனையும் நிற்க வைத்திருப்போம்.

அக்கா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நானும் முடிக்கவில்லை. எழுந்து நிற்கப் பயந்து உட்கார்ந்தே இருந்துவிட்டேன். உங்களைத் தனியாக நிற்க விட்டதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.