அனுபவம் கேட்கிறவர்கள் அதைக் கொடுக்கவும் வேண்டும்

ஜூன் பிறந்தால் போதும், எங்கள் மதுரைக் கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு புலம்பல் ஆரம்பித்துவிடும்: "டிகிரி வச்சிருக்கான், ஒண்ணும் தெரியலை." ஒரு பட்டறையின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து புதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் என்ற முறையில், இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். பி.காம்., வீட்டில் முதல் பட்டதாரி. ஜிஎஸ்டி பற்றிப் பத்து மார்க் கேள்வி கொடுத்தால் வெளுத்துவாங்குவாள். ஒரு நாள் சரக்கு ஏற்றிய லாரி வழியில் பழுதாகி, வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் வண்டி எண்ணை மாற்றணும். டிரைவர் போனில் கத்துகிறார். அவளுக்குக் கை ஓடவில்லை. பக்கத்து சீட் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பார்ட் பி-யைத் திற, புது நம்பரைப் போடு, அவருக்கு போன் பண்ணிச் சொல்லு" என்றார். தீபாவளி நெருக்கடியில் அதே வேலையை அவள் தனியாகப் பார்த்தாள், டிரைவரையும் சேர்த்துச் சமாளித்தாள். அதுவரை யாரும் அவளை அப்படி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அப்படி உட்கார வைத்துப் பழக்கச் சட்டமே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம். ஐடிஐ பையன்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.காம். படித்தவர்களையும் எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனம் என்றால் பயிற்சியாளர்களை எடுத்தே ஆகணும். தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் (NATS) பதிந்தால் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. இவ்வளவு இருந்தும், விளம்பரத்தில் "இரண்டு வருட அனுபவம் அவசியம்" என்று போடுகிறார்கள். எல்லோரும் அப்படியே போட்டால் அந்த இரண்டு வருடத்தைப் பிள்ளைகள் எங்கே போய்த்தான் வாங்குவார்கள்?

மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்தது நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வகுப்பில் கற்றதைச் செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் வழக்கத்தைக் கல்லூரிகள் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கே.புதூர் தொழிற்பேட்டை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே ஒரு மாதம் அனுப்பினால், ஸ்டாக் எடுப்பதிலிருந்து பாக்கி வசூல் வரை கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

இன்னொன்று. சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம். என் தம்பியிடமும் ஓரிடத்தில் அப்படி வாங்கி வைத்துக்கொண்டு, நல்ல வேலை கிடைத்தபோது தராமல் இழுத்தடித்தார்கள். தம்பி தங்கைகளே, சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

பெற்றோர்கள் அரசு வேலைக்குக் காத்திருக்கச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கட்டும், ஆனால் அதற்காக ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டாம்; மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தனியார் வேலை முகாமுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை போய் வரட்டும்.

கப்பலூர், புதூர் முதலாளிகளிடம் என் கோரிக்கை இதுதான்: இந்த ஜூனில் ஆளுக்கு ஒரு பட்டதாரியை அப்ரண்டிஸாக எடுங்கள். சொல்லிக்கொடுக்க உங்களிடம் இருக்கும் பழைய ஆட்களில் ஒருவரைப் பக்கத்தில் போடுங்கள், அவருக்கு அதற்கான நேரத்தையும் கொடுங்கள். பதிவு செய்யும் வேலையில் உதவி வேண்டுமென்றால் நான் வந்து உட்கார்ந்து செய்து தருகிறேன்.